ஜார்ஜ்டவுன் கல்லூரி ஆரம்ப நாட்களில் எப்படிப் பிழைத்தது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாஷிங்டன் நகரில் பொட்டோமாக் ஆற்றை ஒட்டிய மேட்டில் நிற்கிறது ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம். இன்று அங்கே ஒரு சீட் வாங்குவதே பெரும்பாடு. ஆனால் முதல் ஐம்பது வருடம், அடுத்த வருடம் கதவு திறக்குமா என்று தெரியாமலேதான் அதை நடத்தியிருக்கிறார்கள். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். எங்கே ஆரம்பித்தாலும் பெரும்பாலான கேள்விகள் ஒரே இடத்தில்தான் போய் முட்டுகின்றன: செலவுக்குப் பணம் யார் கொடுத்தது?

அமெரிக்காவின் முதல் இயேசு சபைக் கல்லூரி இதுதானா?

ஆமாம். அமெரிக்காவின் முதல் கத்தோலிக்கக் கல்லூரியும் இதுதான். நிலப் பத்திரம் கையெழுத்தான 1789 ஜனவரி 23-ஐத்தான் பிறந்த நாளாக வைத்திருக்கிறார்கள். முதல் மாணவர் வந்தது 1791 நவம்பரில், பாடம் தொடங்கியது 1792 ஜனவரியில்.

1789-ல் இயேசு சபையே கலைக்கப்பட்டிருந்ததே? அப்புறம் எப்படி இயேசு சபைக் கல்லூரி?

சரியான கேள்வி. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கதை புரிந்த மாதிரி.

நம்மூரில் சேசு சபை என்றும் சொல்கிற இந்தக் கத்தோலிக்கத் துறவற சபையை 1773-ல் திருத்தந்தை பதினான்காம் கிளமென்ட் கலைத்துவிட்டார். ஐரோப்பிய அரசர்களின் நெருக்கடி அப்படி. மேரிலாந்தில் பிறந்த ஜான் கேரல் அப்போது ப்ரூஜ் நகரத்தில் இயேசு சபைக் குரு, வயது 38. அதிகாரிகள் வந்து அங்கிருந்த கல்லூரியைக் கைப்பற்றியதை அவர் நேரில் பார்த்தார். இருந்த சபையும் போய், வேலையும் போய், 1774-ல் மேரிலாந்தில் தன் தாயார் வீட்டுக்கே திரும்பினார்.

அங்கே இருபது சொச்சம் பேர் அவரைப் போலவே முன்னாள் இயேசு சபையினர். சபைதான் இல்லையே தவிர, ஆட்கள் இருந்தார்கள், நிலமும் இருந்தது. ஆங்கிலேயர் சட்டத்துக்குப் பயந்து நிலங்களைத் தனித்தனி குருக்களின் பெயரிலேயே எழுதி வைத்திருந்தார்கள். அதனால் சபை கலைந்தபோது அந்தச் சொத்தை யாரும் வந்து எடுத்துக்கொள்ளவில்லை. 1792-ல் மேரிலாந்து சட்டமன்றத்தின் அனுமதியோடு குருக்கள் ஒரு கூட்டமைப்பைப் பதிவு செய்து அந்த நிலங்களைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

கேரல்தான் அமெரிக்காவின் முதல் கத்தோலிக்க ஆயர் ஆனார். இந்த நாட்டில் திருச்சபை நிலைக்குமா என்பதே இந்தக் கல்லூரியைப் பொறுத்தது என்று அவர் உறுதியாக நம்பினார். ஆக, கல்லூரியைத் தொடங்கியவர்கள் எல்லாம் சபை இல்லாத சபையினர். ரஷ்யாவில் இரண்டாம் கத்தரீன் ராணி கலைப்பு ஆணையை அமல்படுத்தாததால் அங்கே மட்டும் சபை உயிரோடு இருந்தது. 1805-ல் மேரிலாந்துக் குருக்களில் சிலர் அந்த ரஷ்யக் கிளையோடு இணைந்துகொண்டார்கள். உலகம் முழுக்கச் சபைக்கு மறுவாழ்வு கிடைத்தது 1814 ஆகஸ்டில்.

அதற்கு முன் அங்குள்ள கத்தோலிக்கப் பிள்ளைகள் எங்கே படித்தார்கள்?

வசதி உள்ளவர்கள் கடல் தாண்டிப் போனார்கள். குடியேற்றக் காலத்து மேரிலாந்தில் கத்தோலிக்கர்கள் பள்ளி நடத்தச் சட்டத்தில் இடமில்லை. பொஹீமியா என்ற பண்ணையில் குருக்கள் சத்தம் காட்டாமல் ஒரு சின்னப் பள்ளி நடத்தினார்கள். கேரல் அங்கே கொஞ்ச நாள் படித்துவிட்டு, பதின்மூன்று வயதில் கப்பலேறி வடக்கு பிரான்சில் இருந்த செயின்ட் ஓமர் கல்லூரிக்குப் போனார். திரும்பித் தாயின் முகத்தைப் பார்த்தது கால் நூற்றாண்டுக்கும் மேல் கழித்து. அடுத்த தலைமுறைக்கு இந்த நிலை வரக் கூடாது என்பதுதான் அவருக்கு ஜார்ஜ்டவுன். தன் அனுபவத்தில் தெரிந்த வலி அது.

இடத்துக்கும் கட்டடத்துக்கும் பணம் எங்கிருந்து வந்தது?

ஒன்றரை ஏக்கர், 75 பவுண்டு. இடத்தைப் பொறுத்தவரை அவ்வளவுதான்.

கட்டடம்தான் கையைக் கடித்தது. கேரல் ஒரு அறிக்கை அச்சடித்து, எந்தெந்த ஊரில் யார் யாரிடம் நன்கொடை கொடுக்கலாம் என்று போட்டு அனுப்பினார். எந்த மதத்துப் பிள்ளையும் சேரலாம் என்று அதிலேயே எழுதியிருந்தார். பிராட்டஸ்டன்ட் பிள்ளைகளும் வந்தால்தான் கல்லூரி ஓடும், புது நாட்டின் மனநிலைக்கும் அதுதான் பொருந்தும் என்று அவருக்குத் தெரியும். பணம் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. சுதந்திரப் போர் முடிந்து சில வருடமே ஆன நாடு; மேரிலாந்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றுக்குப் புகையிலை நிலம் இருந்தது, கையில் காசு இல்லை. குருக்களிலேயே சிலர் எதிர்த்தார்கள். சபைக்கு மறுவாழ்வு வரும்போது ஒப்படைக்க வேண்டிய சொத்தை ஒரு பள்ளிக்கூடத்தில் கொட்டலாமா என்பது அவர்கள் வாதம். அதையும் தள்ளிவிட முடியாது.

முதல் மாணவர் யார்?

வில்லியம் காஸ்டன். வட கரோலினாவின் நியூ பெர்ன் ஊர்ப் பையன், வயது பதின்மூன்று. சுதந்திரப் போரில் அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளை, அம்மா வளர்த்தது. 1791 நவம்பர் 22-ல் அவன் வந்தபோது வகுப்பே தொடங்கவில்லை. உடல் நலம் கெட்டு 1793-ல் ஊருக்குத் திரும்பினான். பிற்பாடு பட்டம் வாங்கியது பிரின்ஸ்டனில். காரணம் எளிது: ஜார்ஜ்டவுனுக்குப் பட்டம் கொடுக்கும் அதிகாரமே அப்போது கிடையாது.

அந்தக் குறையைத் தீர்த்தவரும் அவரேதான். வளர்ந்து நாடாளுமன்ற உறுப்பினரான காஸ்டன், தன் பழைய கல்லூரிக்குப் பட்டமளிக்கும் உரிமை கேட்டு மசோதா கொண்டுவந்தார். 1815 மார்ச் 1-ல் ஜனாதிபதி மேடிசன் கையெழுத்திட்டார். முதல் பட்டங்கள் 1817-ல், டின்னிஸ் என்ற குடும்பத்தின் சகோதரர்கள் இருவருக்கு. தொடங்கி இருபத்தைந்து வருடம் கழித்து இரண்டே பட்டதாரிகள் என்று கணக்குப் பார்த்தால் மனசு கனக்கிறது. ஆனாலும் கல்லூரியை மூடவில்லை.

பாடம் நடத்த ஆட்கள் இருந்தார்களா?

பணத்தைவிட இதுதான் பெரிய பஞ்சம் என்று நான் நினைக்கிறேன். முதல் அதிபர் ராபர்ட் பிளங்கெட் இரண்டு வருடத்தில் விலகினார். அடுத்து வந்த ராபர்ட் மோலினுக்கு அந்தப் பொறுப்பில் முதலிலிருந்தே விருப்பமில்லை. மூன்றாவது அதிபர் லூயி டுபூர், பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி வந்த குரு, சுல்பீசியர் என்ற வேறொரு குருக்கள் அமைப்பைச் சேர்ந்தவர். அவர் காலத்தில் கல்லூரி களைகட்டியது. ஜார்ஜ் வாஷிங்டன் 1797-ல் வந்து பார்த்தார், அவருடைய உறவுப் பையன்களும் இங்கே படித்தார்கள். ஆனால் செலவும் எகிறியது. கடன், நிர்வாகக் குழுவோடு சச்சரவு என்று ஆகி 1798-ல் டுபூர் விலகினார். சும்மா இருக்கவில்லை, பால்டிமோரில் தானே ஒரு கல்லூரி தொடங்கினார். ஏற்கெனவே சொற்பமாக இருந்த கத்தோலிக்க மாணவர்களுக்கு இப்போது நாற்பது மைல் தூரத்தில் இரண்டு கல்லூரிகள் போட்டி.

அடுத்து லெனார்ட் நீல். பக்திமான், நேர்மையானவர். ஆனால் பதினைந்து வயதுப் பையன்களை மடத்துத் துறவிகள் மாதிரி நடத்தினார். பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எண்ணிக்கை சரிந்தது.

ஆள் பஞ்சம் எவ்வளவு ஆழம் என்பதற்கு நியூயார்க் கதை போதும். அந்தோணி கோல்மன் என்ற இயேசு சபைக் குரு அங்கே ஒரு நல்ல பள்ளி நடத்தினார். பெரிய குடும்பத்துப் பிள்ளைகள் படித்தார்கள், பணமும் வந்தது. இன்று ஐந்தாவது அவென்யூவில் புனித பேட்ரிக் பேராலயம் நிற்கிறதே, அந்த இடம்தான். ஜார்ஜ்டவுன், நியூயார்க் இரண்டையும் நடத்த ஆள் போதவில்லை. எதை மூடுவது? கோல்மன் மன்றாடிப் பார்த்தார், வளரப் போகிற நகரம் நியூயார்க்தான் என்று. ஆனால் ஜார்ஜ்டவுனைக் காப்பாற்ற நியூயார்க் பள்ளியை மூடினார்கள். கோல்மன் சொன்னதுதான் பலித்தது. எனக்கும் கோல்மன் பக்கம்தான் நியாயம் என்று படுகிறது.

கல்லூரியைத் தூக்கி நிறுத்தியவர் 1812-ல் அதிபரான இத்தாலியர் ஜொவான்னி கிராஸி. சீனாவுக்குப் போகக் கிளம்பியவர். கப்பல் கிடைக்காமல் வருடக்கணக்கில் அலைந்து கடைசியில் அமெரிக்கா வந்தார். அவர் அதிபராக இருந்தபோதுதான் 1814 ஆகஸ்டில் ஆங்கிலேயப் படை வாஷிங்டனைக் கொளுத்தியது. கல்லூரி மேட்டிலிருந்து பார்த்தால் தலைநகரம் எரிவது தெரிந்தது. ஜார்ஜ்டவுன் தப்பியது. அதே மாதத்தில்தான் ரோமில் இயேசு சபைக்கு மறுவாழ்வு ஆணை கையெழுத்தானது.

ஆசிரியர்களே படிப்பை முடிக்காதவர்கள் என்கிறார்களே, உண்மையா?

பெரும்பாலும் உண்மை. குருத்துவப் பயிற்சியில் இருந்த இளைஞர்கள் பகலில் லத்தீன் வகுப்பு எடுப்பார்கள், மாலையில் விளையாட்டுத் திடலில் காவல் நிற்பார்கள், இரவில் படுக்கைக் கூடத்தில் கண்காணிப்பு. தங்கள் சொந்த இறையியல் பாடத்தை மிச்சமிருக்கும் நேரத்தில் படிக்க வேண்டும். இப்படியே பலர் உடம்பைக் கெடுத்துக்கொண்டார்கள். இந்த நிலை தீர, 1869-ல் மேரிலாந்தின் வுட்ஸ்டாக்கில் பயிற்சிக்கென்றே தனிக் கல்லூரி திறக்க வேண்டியிருந்தது.

நல்லதும் நடந்தது. 1848-ல் ஐரோப்பாவில் புரட்சிகள் வெடித்தபோது விரட்டப்பட்ட இயேசு சபை அறிஞர்கள் சிலர் ஜார்ஜ்டவுனுக்கு வந்தார்கள். பின்னாளில் பெரிய வானியலாளராகப் பெயர் வாங்கிய ஆஞ்சலோ செக்கி அவர்களில் ஒருவர். அவர்களுக்கு முன்பே ஜேம்ஸ் கர்லி என்ற குரு 1840-களில் கல்லூரி வளாகத்தில் ஒரு வானாய்வுக் கூடம் கட்டி, 1846-ல் வாஷிங்டன் நகரத்தின் தீர்க்கரேகையைக் கணித்தார். இருபது வருடம் கழித்து அட்லாண்டிக் கடலடித் தந்திக் கம்பி வழியாகச் சரிபார்த்தபோது அவர் கணக்கு சரியாகவே இருந்தது. கடனில் தத்தளித்த ஒரு கல்லூரியின் மேட்டில் ஒரு மனிதர் ராத்திரி ராத்திரியாக நட்சத்திரம் பார்த்துக் கணக்குப் போட்டிருக்கிறார்.

மாணவர்களிடம் கட்டணம் வாங்கினால் தீர்ந்ததே? அதில் என்ன சிக்கல்?

வாங்கக் கூடாது என்பது சபையின் விதி. சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் வகுத்தது. கல்வியை விலைக்கு விற்கக் கூடாது, ஏழையும் பணக்காரனும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும் என்பது அதன் உயிர். மிக அழகான விதி, அதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

ஆனால் அந்த விதி ஐரோப்பாவுக்காக எழுதப்பட்டது. அங்கே ஒரு ஊரில் இயேசு சபைக் கல்லூரி வேண்டுமென்றால், அரசனோ பிரபுவோ நகராட்சியோ நிலத்தையும் நிரந்தர வருமானத்தையும் எழுதிவைத்த பிறகுதான் சபை அங்கே கால் வைக்கும். ஆசிரியர்களின் சாப்பாடு அந்த அறக்கட்டளையிலிருந்து வந்துவிடும். அமெரிக்காவில் அரசன் இல்லை. அரசாங்கம் எந்த மதத்துக்கும் பணம் கொடுக்காது. கத்தோலிக்கர்களோ கொஞ்சம் பேர், புதிதாக வந்து இறங்கிய ஐரிஷ் மக்கள் அன்றாடங்காய்ச்சிகள். விதி வந்து சேர்ந்தது, அதைத் தாங்க வேண்டிய அஸ்திவாரம் வரவில்லை.

ஜார்ஜ்டவுன் இதைச் சமாளித்தது ஹாஸ்டல் மூலம். சாப்பாடு, தங்குமிடம், துணி வெளுப்பு என்று வாங்கும் பணத்தில்தான் எல்லாம் ஓட வேண்டும். அதனால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே வந்தார்கள். ஏழைக்காக எழுதப்பட்ட விதி, நடைமுறையில் ஏழையை வெளியே நிறுத்தியது.

ஹாஸ்டல் இல்லாத பகல் பள்ளிக்கு அந்த வழியும் இல்லை. வாஷிங்டன் நகருக்குள்ளேயே 1821-ல் இயேசு சபையினர் ஒரு பகல் பள்ளி தொடங்கினார்கள், வாஷிங்டன் செமினரி என்று பெயர். நன்றாகவே நடந்தது, மாணவர்கள் குவிந்தார்கள். கட்டணம் வாங்கினார்கள், வாங்காமல் முடியாது. ரோமிலிருந்து தடை வந்தது. 1827-ல் பள்ளியை மூடினார்கள். அதன் தலைவர் ஜெரமையா கீலி சபையை விட்டே விலகிப்போனார். அதே பள்ளி மறுபடி திறக்க 1848 வரை ஆனது. இன்றும் கொன்சாகா என்ற பெயரில் நடக்கிறது.

மேரிலாந்திலிருந்தும் மேற்கே மிசூரியிலிருந்தும் விண்ணப்பத்துக்கு மேல் விண்ணப்பம் போய், 1833-ல் திருத்தந்தை பதினாறாம் கிரகோரி விதிவிலக்கு கொடுத்தார். கட்டணம் வாங்கலாம், ஆனால் கொடுக்க முடியாதவனைத் திருப்பி அனுப்பக் கூடாது. 1864-ல் பாஸ்டன் கல்லூரி 22 மாணவர்களோடு பகல் கல்லூரியாகத் திறக்க முடிந்தது இந்த விதிவிலக்கால்தான். அந்த ஊர் ஐரிஷ் தொழிலாளி வீட்டுப் பிள்ளை, வீட்டில் சாப்பிட்டுவிட்டு நடந்துபோய்ப் படிக்க முடிந்தது.

அப்படியானால் 1833 வரை பற்றாக்குறையை எது நிரப்பியது?

பண்ணைகள். வைட் மார்ஷ், செயின்ட் இனிகோஸ், நியூடவுன், செயின்ட் தாமஸ், பொஹீமியா என்று மேரிலாந்தில் குருக்களுக்குப் பெரிய பெரிய நிலங்கள் இருந்தன. அந்த நிலங்களில் வேலை செய்தவர்கள் அடிமைகள். ஞானஸ்நானம் பெற்று, அதே கோவிலில் பூசை கண்ட கத்தோலிக்கக் கறுப்பினக் குடும்பங்கள். கல்லூரி வளாகத்திலும் அடிமைகள் வேலை செய்தார்கள்.

பண்ணைகள் லாபத்தில் நடந்தன என்றும் சொல்ல முடியாது. நிர்வாகம் மோசம். 1820-ல் பார்வையிட வந்த அயர்லாந்துக் குரு பீட்டர் கென்னி, அடிமைகளை நடத்தும் விதத்தைக் குறைகூறி, சபை இந்தப் பொறுப்பிலிருந்து விலக வேண்டும் என்று எழுதினார். அவர்களை விடுதலை செய்ய வேண்டும் என்று சொன்ன குருக்களும் இருந்தார்கள். அந்தப் பேச்சு எடுபடவில்லை.

1838-ல் நடந்த விற்பனை என்ன?

தாமஸ் மல்லடி 1829-ல் ஜார்ஜ்டவுன் அதிபரானார். சுறுசுறுப்பானவர், கட்டடங்கள் எழுப்பினார், மாணவர் எண்ணிக்கையும் ஏறியது. கூடவே கடனும் ஏறியது. பிறகு மேரிலாந்து இயேசு சபையின் மாநிலத் தலைவராக உயர்ந்தார். அந்தப் பொறுப்பில் இருந்தபடி, 1838 ஜூன் 19-ல், முந்தைய மாநிலத் தலைவர் வில்லியம் மெக்ஷெரியின் துணையோடு, 272 பேரை லூசியானாவின் ஹென்றி ஜான்சன், ஜெஸ்ஸி பேட்டி என்ற இருவருக்கு விற்க ஒப்பந்தம் போட்டார். விலை 1,15,000 டாலர். முன்பணம் 25,000. அதில் 17,000 கல்லூரிக் கட்டடக் கடனுக்குப் போனது.

அந்த ஒப்பந்தத்தை வாசித்துப் பார்க்க வேண்டும். பண்டங்களின் பட்டியல் மாதிரிதான் எழுதியிருக்கிறார்கள், ஆனால் வாசிக்க வாசிக்கக் குடும்பங்கள் எழுந்து வருகின்றன. முதல் பெயர் ஐசக், வயது 65. அடுத்து சார்லஸ், அவருடைய மூத்த மகன், 40. நெல்லி, மகள், 38. கொஞ்சம் கீழே பேட்ரிக், 35, அவர் மனைவி லெட்டி, 30, அவர்களுக்குப் பின்னால் கொர்னேலியஸ், 13. முதல் மாணவன் காஸ்டன் கல்லூரிப் படியேறியபோது அவனுக்கும் அதே வயது. பட்டியலில் கைக்குழந்தைகளும் உண்டு.

ரோமில் இருந்த சபையின் உலகத் தலைவர் யான் ரோத்தான் நிபந்தனைகள் போட்டிருந்தார்: குடும்பங்களைப் பிரிக்கக் கூடாது, அவர்கள் தங்கள் மதத்தைக் கடைப்பிடிக்க வழி வேண்டும், வரும் பணத்தைக் கடன் அடைக்கவோ அன்றாடச் செலவுக்கோ தொடக் கூடாது. மூன்றும் மீறப்பட்டன. அலெக்ஸாண்டிரியா துறைமுகத்திலிருந்து அவர்களைக் கப்பலேற்றி நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பினார்கள். சிலர் ஓடி ஒளிந்து தப்பினார்கள், பக்கத்துப் பண்ணையில் கணவனோ மனைவியோ இருந்த சிலர் மேரிலாந்திலேயே விட்டுவைக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் போனார்கள். கரும்பு, பருத்திப் பண்ணைகளுக்கு.

கஷ்டத்தில் இருந்த கல்லூரி, காலம் அப்படி, எல்லோரும் செய்ததுதானே என்று சிலர் என்னிடம் சொல்வதுண்டு. ஒப்புக்கொள்ள மாட்டேன். ரோத்தான் போட்ட நிபந்தனைகளே போதும், தப்பு எது என்று அன்றைக்கே தெரிந்திருந்தது என்பதற்கு. நியூடவுனில் இருந்த பீட்டர் ஹேவர்மன்ஸ் என்ற குரு, தன் கண்ணெதிரே மக்களைக் கொண்டுபோனதை மனம் உடைந்து ரோமுக்கு எழுதினார். அவர் வாழ்ந்ததும் அதே காலத்தில்தான்.

மல்லடிக்குத் தண்டனை கிடைத்ததா?

எதிர்ப்பு பலமாகி, 1839-ல் ரோமுக்கு அழைக்கப்பட்டுப் பதவி விலகினார். சில வருடம் ஐரோப்பாவில். 1843-ல் திரும்பி வந்து, மாசசூசெட்ஸின் வொர்ஸ்டரில் புதிதாகத் தொடங்கிய ஹோலி கிராஸ் கல்லூரியின் முதல் தலைவர் ஆனார். பிறகு 1845-ல் மறுபடி ஜார்ஜ்டவுன் அதிபர். அவ்வளவுதான் தண்டனை.

மாணவர்கள் அடங்கி நடந்தார்களா?

எட்டு, பத்து வயதுச் சிறுவனிலிருந்து இருபது வயது இளைஞன் வரை ஒரே கூரையின் கீழ். இயேசு சபையின் 1599-ஆம் வருடப் பாடமுறைப்படி லத்தீன், கிரேக்கம், இலக்கியம், சொற்கலை, தத்துவம். விடியற்காலை எழுந்து பூசை, மணி அடித்தால் படிப்பு, மணி அடித்தால் சாப்பாடு. தெற்கத்திப் பண்ணை வீடுகளில் ஏவி வளர்ந்த பையன்களுக்கு இது ஒத்துவரவில்லை. 1850-ல் ஒரு பெரிய கலகமே நடந்தது. தண்டனையை எதிர்த்து ஒரு கூட்டம் கல்லூரியை விட்டு வெளியேறி வாஷிங்டன் நகரில் போய்த் தங்கிவிட்டது. பெர்னார்ட் மகுவயர் என்ற குரு போய்ப் பேசித் திருப்பி அழைத்து வந்தார். பையன்களுக்கு அவரைப் பிடிக்கும். பின்னாளில் அவரே அதிபரானார்.

கத்தோலிக்க எதிர்ப்பு எவ்வளவு தொந்தரவு கொடுத்தது?

ஜார்ஜ்டவுனுக்கு அதிகமில்லை, மேரிலாந்தில் கத்தோலிக்கர்கள் பழைய குடிகள். வடக்கேதான் கடுமை. 1834-ல் பாஸ்டனுக்குப் பக்கத்தில் சார்ல்ஸ்டவுனில் கன்னியர் மடம் ஒன்றைக் கும்பல் கொளுத்தியது. ஹோலி கிராஸ் கல்லூரி பட்டமளிக்கும் உரிமை கேட்டபோது மாசசூசெட்ஸ் சட்டமன்றம் 1849-ல் மறுத்தது. 1852-ல் கட்டடம் தீப்பிடித்து எரிந்தது. அந்தக் காலம் முழுக்க அதன் மாணவர்களுக்கு ஜார்ஜ்டவுன்தான் தன் பெயரில் பட்டம் கொடுத்தது. 1865-ல்தான் உரிமை கிடைத்தது.

ஜான் பாப்ஸ்ட் என்ற சுவிஸ் நாட்டுக் குருவை 1854-ல் மெய்ன் மாநிலத்தின் எல்ஸ்வொர்த்தில் ஒரு கும்பல் பிடித்து, ஆடையை உருவி, உடம்பெங்கும் தார் பூசி இறகு ஒட்டியது. அவர் தப்பிப் பிழைத்து, பாஸ்டன் கல்லூரியின் முதல் தலைவரானார்.

உள்நாட்டுப் போரில் கல்லூரி என்ன ஆனது?

கிட்டத்தட்ட காலியானது. 1859-ல் 313 மாணவர்கள், 1861-ல் 17. மாணவர்களில் பெரும்பாலோர் தெற்கத்தியர், போருக்குப் போய்விட்டார்கள். வளாகத்தில் நியூயார்க் படைப்பிரிவுகள் தங்கின. 1862-ல் இரண்டாம் புல் ரன் சண்டைக்குப் பிறகு கட்டடங்கள் ராணுவ மருத்துவமனை ஆயின. போருக்குப் பின், 1876-ல், வடக்கின் நீலத்தையும் தெற்கின் சாம்பல் நிறத்தையும் சேர்த்துக் கல்லூரி நிறமாக எடுத்துக்கொண்டார்கள்.

பேட்ரிக் ஹீலி யார்?

ஜார்ஜ்டவுனைச் சின்னக் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகமாக மாற்றியவர். 1834-ல் ஜார்ஜியாவில் பிறந்தார். தந்தை ஐரிஷ் பண்ணையார், தாய் எலைசா ஓர் அடிமை. சட்டப்படி அவரும் அடிமையாகவே பிறந்தார். தந்தை பிள்ளைகளை வடக்கே படிக்க அனுப்பினார். ஹீலி சகோதரர்கள் 1844-ல் சேர்ந்தது ஹோலி கிராஸில். அவர்களைச் சேர்த்துக்கொண்ட கல்லூரித் தலைவர், 272 பேரை விற்ற அதே மல்லடி. இதை எப்படி மனசில் வைத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

பேட்ரிக் சபையில் சேர்ந்து, லூவேனில் முனைவர் பட்டம் வாங்கி, 1874-ல் ஜார்ஜ்டவுன் அதிபரானார். 1877-ல் அந்தப் பிரம்மாண்டமான கோபுரக் கட்டடத்தைத் தொடங்கினார். கல்லூரி மறுபடி பெரும் கடனில் மூழ்கியது. அவர் உடம்பும் உடைந்து 1882-ல் விலகினார். தன் பிறப்பை அவர் வெளியில் பேசியதில்லை. வெளுத்த தோல், ஊர் அவரை ஐரிஷ்காரர் என்றே நினைத்தது. அவர் தலைமை தாங்கிய கல்லூரியின் இளங்கலை வகுப்பில் கறுப்பின மாணவர் சேர 1950 வரை ஆனது.

நம்மூர் இயேசு சபைக் கல்லூரிகளோடு இதற்குத் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் கேரலின் வேலையைப் பறித்த அதே 1773 ஆணைதான், வீரமாமுனிவர் உழைத்த பழைய மதுரை மிஷனையும் முடித்துவைத்தது. 1830-களின் கடைசியில் பிரெஞ்சு இயேசு சபையினர் மறுபடி வந்து, 1844-ல் நாகப்பட்டினத்தில் புனித வளனார் கல்லூரியைத் தொடங்கினார்கள். 1883-ல் அது திருச்சிக்கு மாறியது.

இன்று அங்கே போனால் என்ன பார்க்கலாம்?

கேரல் கட்டிய முதல் கட்டடம் இல்லை, 1904-ல் இடித்துவிட்டார்கள். வாஷிங்டன் வந்து பார்த்த ஓல்டு நார்த் கட்டடம் நிற்கிறது. ஹீலி கட்டடத்துக்குள் காஸ்டன் பெயரில் அழகான அரங்கு இருக்கிறது. வளாகத்துக்குள்ளேயே இயேசு சபையினரின் சின்னக் கல்லறைத் தோட்டம், ஹீலி அங்கேதான் அடக்கம்.

மாணவர்கள் போராடியதாலும், விற்கப்பட்டவர்களின் வாரிசுகள் தேடி வந்ததாலும், மல்லடி, மெக்ஷெரி பெயர்களைக் கட்டடங்களிலிருந்து எடுத்தார்கள். 2017 ஏப்ரல் 18-ல், லூசியானாவிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் வந்த வாரிசுகளின் முன்னால் இயேசு சபை மன்னிப்புக் கேட்டது. மெக்ஷெரி கட்டடத்துக்கு ஆன் மேரி பெக்ராஃப்ட் பெயர். ஜார்ஜ்டவுனில் கறுப்பினச் சிறுமிகளுக்குப் பள்ளி நடத்திய பெண் அவர். கடன் வாங்கி மல்லடி கட்டிய கட்டடத்தின் வாசலில் இப்போது ஐசக் ஹாக்கின்ஸ் என்று எழுதியிருக்கிறது. பட்டியலின் முதல் பெயர், வயது 65.